கூலியும் பழியும்: இத்தாலியக் கூலிப்படைத் திரைப்படங்களும் யாழ்ப்பாண வரலாறும்

கூலிக்குப் போர்புரிவோன் தமிழுக்குப் புதியவன் அல்லன். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்திற்கு உரைகண்ட பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை அறுவகைப்படுத்தி, அவற்றுள் வழிவழி வந்த மூலப்படையையே சிறப்புடையதாகக் கொண்டார். ஊதியத்தால் திரட்டிய வாளை எத்துணை தூரம் நம்பலாம் என்னும் ஐயம் அவ்வகுப்பினுள்ளேயே பொதிந்துள்ளது. அவ்வையம் ஆதாரமற்றதன்று என்பதை ஈழ வரலாறு காட்டும். பொலன்னறுவையில் முதலாம் விஜயபாகுவின் ஊதியத்தில் இருந்த வேளைக்காரப் படையினர், சோழர்மீது போருக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது மறுத்துக் கலகம் செய்தனர். அவர்கள் பெற்ற ஊதியம் அவர்களுடைய இனவுணர்வையும் உறவையும் வாங்கப் போதுமானதாக இருக்கவில்லை.

இக்கூலிப்படைவீரன் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகெங்கும் பாமர மக்கள் அறிந்த கதாநாயகனானான். அவனை அவ்வாறு ஆக்கியதில் ஹொலிவூட்டைக் காட்டிலும் இத்தாலியின் மலிவுப் படங்களுக்குப் பங்கு அதிகம். கலைத்தரம் பற்றிப் பேசுவோர் இப்படங்களை முகஞ்சுளித்து ஒதுக்குவது வழக்கம். அவ்வாறு ஒதுக்குவதற்குப் பல படங்கள் தகுதியுடையனவே. எனினும், போர் ஒன்றினுள் வாழ்ந்த யாழ்ப்பாணம் போன்ற நிலப்பகுதியின் வரலாற்று மாணவர்க்கு அவை ஒரு வகையில் முக்கியமானவை. கூலி வாங்கிக் கொல்பவனை மக்கள் விரும்பும்படி காட்டுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அவை அறிந்திருந்தன. அதற்கு அவை கையாண்ட மருந்து பழிவாங்கல். வரலாற்றில் அம்மருந்து எங்கு இருந்தது, எங்கு இருக்கவில்லை என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

இத்தாலியருக்கு இப்பொருள் இயல்பாக அமைந்ததில் வியப்பில்லை. பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் அந்நாட்டின் நகர அரசுகள் தம் போர்களை வாடகைப் படைகளைக் கொண்டே நடத்தின. அப்படைகளின் தலைவர்களைக் குறித்த 'கொண்டொத்தியேரி' என்ற சொல், ஒப்பந்தம் எனப் பொருள்படும் 'கொண்டொத்தா' என்பதிலிருந்து பிறந்தது. வீரன் என்றோ வாள்மறவன் என்றோ அன்றி, ஒப்பந்தக்காரன் என்றே அக்காலத்தவர் அவனை அழைத்தனர். ஆங்கிலேயனான ஜோன் ஹோக்வூட் பல அதிபர்களிடம் மாறிமாறி ஊதியம் பெற்று, 1394இல் புளோரன்ஸ் நகரில் இறந்தான். அந்நகரின் தலைமைத் தேவாலயச் சுவரில் பாவுலோ உச்செல்லோ 1436இல் தீட்டிய அவனது குதிரையூர்ந்த ஓவியத்தை இன்றும் காணலாம். அதே நகரத்தவரான மக்கியவெல்லியோ, 1513இல் எழுதிய 'இளவரசன்' நூலில் கூலிப்படையை நம்பிய அரசுக்கு உறுதியில்லை என்று கடுமையாகச் சாடினார். ஒரே நகரம் ஒரு கையால் ஓவியம் தீட்டி மறு கையால் கண்டனம் எழுதிற்று.

திரைக்கு வருவோம். 1958இல் பியெத்ரோ பிரான்சிஸ்கி இயக்கிய ஹெர்குலிஸ் படத்தின் பெருவெற்றியைத் தொடர்ந்து, உரோம் நகரின் படப்பிடிப்பு நிலையங்கள் புராண வீரர்களின் படங்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து வார்த்துத் தள்ளின. அவ்வலை ஓய்ந்த வேளையில் 1964இல் செர்ஜியோ லியோனே, ஸ்பெயினின் அல்மேரியா வறள்நிலத்தை அமெரிக்க எல்லைப்புறமாகக் காட்டி, 'ஒரு பிடி டொலருக்காக' எனப் பொருள்படும் படத்தை எடுத்தார். செலவு ஏறத்தாழ இரண்டு இலட்சம் டொலர். அமெரிக்கப் படமெனத் தோன்றும்பொருட்டு இயக்குநர் பொப் ரொபேர்ட்சன் என்றும், இசையமைத்த என்னியோ மொரிக்கோனே டான் சாவியோ என்றும் பெயர் பூண்டனர். கதையோ அகிரா குரோசவாவின் 'யொஜிம்போ'வினுடையது. உரிமை பெறாமல் எடுத்தமையால் ஜப்பானியர் வழக்குத் தொடுத்து வருவாயில் நூற்றுக்குப் பதினைந்து பங்கையும் சில ஆசிய நாடுகளின் விநியோக உரிமையையும் பெற்றனர். தலைவனற்ற சாமுராய் ஒருவன் பெயரற்ற துப்பாக்கிக்காரனாக உருமாறி உலகைச் சுற்றியது இங்ஙனமே.

ஆயினும், கூலிக்கும் பழிக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோர் நின்று நோக்கவேண்டியது லியோனே அடுத்த ஆண்டில் எடுத்த 'இன்னும் சில டொலர்களுக்காக' என்ற படத்தையே. தலைக்கு விலை குறிக்கப்பட்ட கொள்ளையன் ஒருவனை இருவர் தேடுகின்றனர். கிளின்ட் ஈஸ்ட்வூட் ஏற்ற பாத்திரத்திற்கு வேண்டியது பணம். லீ வான் கிளீவ் ஏற்ற முதிய கேணலுக்கு வேண்டியது, இறந்துபோன தன் தங்கைக்கான பழி. இறுதியில் கேணல் தன் பகைவனை வீழ்த்திய பின்னர் பரிசுப் பணத்தில் ஒரு காசும் பெறாமல் குதிரையேறிச் செல்கிறான். மற்றவன் பிணங்களை வண்டியில் அடுக்கி ஒவ்வொன்றின் விலையையும் கூட்டிக்கொண்டிருக்கிறான். தொகை குறைகிறது; எஞ்சியிருந்த ஒருவன் பின்னாலிருந்து சுட முற்பட, அவனையும் கொன்று கணக்கை நிறைவுசெய்கிறான். சிரிப்பும் அருவருப்பும் ஒருங்கே எழும் காட்சி. இதன் சிறப்பு யாதெனில், பழிவாங்குபவன் வேறு, கூலிக்காரன் வேறு என்பதை லியோனே மறைக்கவில்லை என்பதாகும். பழியை எடுத்தவன் பணத்தைத் தொடவில்லை. பணத்தை எடுத்தவனுக்குப் பழியில்லை.

1966இல் தமியானோ தமியானி இயக்கிய 'கியென் சாபே' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தலைப்பின் பொருள் 'யாருக்குத் தெரியும்' என்பது. அதன் திரைக்கதையில் பங்கெடுத்த பிராங்கோ சொலினாஸ், அல்ஜியர்ஸ் விடுதலைப் போர் பற்றிய புகழ்பெற்ற படத்திற்கும் எழுதியவர். மெக்சிக்கோப் புரட்சிக் காலத்தில் அமெரிக்க இளைஞன் ஒருவன் கொள்ளையர் கூட்டத்துள் நுழைந்து, புரட்சித் தளபதியைப் பணத்துக்காகச் சுட்டுக் கொல்கிறான்; பெற்ற கூலியில் பாதியைக் கொள்ளையர் தலைவனுக்கு நேர்மையாகவே பங்கிடுகிறான். அவனுடைய நேர்மையே கொடூரமாகத் தோன்றுமாறு காட்சி அமைகின்றது. முடிவில் அந்நாட்டவன் கூலிக்காரனைச் சுட்டு வீழ்த்துகிறான். இரண்டாண்டுகளின் பின் செர்ஜியோ கொர்புச்சி எடுத்த 'இல் மெர்செனாரியோ'விலும் பிராங்கோ நீரோ நடித்த போலந்துக்காரன், ஒவ்வொரு உதவிக்கும் விலைபேசும் நகைப்புக்குரிய வணிகனாகவே வருகிறான். அறுபதுகளின் இத்தாலிய இயக்குநர் பலர் இடதுசாரிச் சிந்தனையுடையவர். அவர்களது கூலிப்படைவீரன் கவர்ச்சியானவன், ஆனால் ஒப்பந்தத்தை மறைக்காதவன்.

எண்பதுகளில் இந்நிலை மாறியது. மாற்றத்திற்குக் காரணம் அழகியல் அன்று, பொருளாதாரம். 1955இல் இத்தாலியில் எண்பது கோடிக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்பனையாகின; 1985இல் அத்தொகை பன்னிரண்டு கோடி அளவுக்கு வீழ்ந்தது. தனியார் உள்ளூர் ஒளிபரப்புக்கு வழிவிட்ட 1976ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னர் தொலைக்காட்சி அலைவரிசைகள் பெருகி, மக்களை வீட்டில் இருத்தின. உள்நாட்டுக் கொட்டகையை இழந்த தயாரிப்பாளர் வெளிநாட்டு வீடியோச் சந்தையை நம்பினர். படங்கள் குரலின்றி எடுக்கப்பட்டுப் பின்னர் எம்மொழியிலும் குரல் சேர்க்கப்பட்டமையால், அவற்றுக்குத் தாய்மொழி என ஒன்று இருக்கவில்லை, எந்நாட்டுக்கும் பொருந்தின.

இச்சந்தைக்கு முன்மாதிரியாக வாய்த்தது 1978இல் வெளிவந்த பிரித்தானியப் படமான 'காட்டு வாத்துகள்'. கொங்கோவில் 1964-65இல் வெள்ளைக் கூலிப்படையை நடத்திய மைக் ஹோர் அதற்குத் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார். படத்தின் வெற்றி அவரைத் தூண்டிற்றோ என்னவோ, 1981 நவம்பரில் அவர் பியர் அருந்தும் கழகத்தினராக வேடமிட்ட கூட்டத்துடன் சீஷெல்ஸ் தீவுகளின் அரசைக் கவிழ்க்க இறங்கி, விமான நிலையத்திலேயே அகப்பட்டு, எயார் இந்தியா விமானம் ஒன்றைக் கடத்திக்கொண்டு டேர்பனுக்கு ஓடினார். திரைக்கதை ஆசிரியர் எவரும் எழுதத் துணியாத முடிவு அது.

இத்தாலியரான அன்ரோனியோ மார்கெரித்தி, அன்ரனி டோசன் என்னும் ஆங்கிலப் பெயருடன், சுவிஸ் தயாரிப்பாளர் எர்வின் டீட்ரிச்சுக்காக 1984க்கும் 1988க்கும் இடையில் மூன்று கூலிப்படைப் படங்களை எடுத்தார். முதலாவதன் தலைப்பிலேயே 'காட்டு வாத்துகள்' மீண்டும் பறந்தன. மூன்றிலும் கதாநாயகன் லூயிஸ் கொலின்ஸ். 1982இல் அவர் வேறொரு படத்தில் பிரித்தானியச் சிறப்பு விமானப் படையணியான எஸ்.ஏ.எஸ். அதிகாரியாக நடித்தவர் என்பதை ஈண்டு நினைவில் இருத்துக. புரூனோ மத்தேயி 1987இல் எடுத்த 'ஸ்ட்ரைக் கமாண்டோ', இரண்டு ஆண்டு முன்னர் வந்த ராம்போவின் வெளிப்படையான நகல். தனக்கு அடைக்கலம் தந்த கிராமத்தவர் கொல்லப்பட, அவர்களுக்காக ஒற்றை வீரன் பழிதீர்க்கிறான். லியோனே பிரித்துவைத்த இருவர் இக்காலத்துப் படங்களில் ஒருவராகிவிட்டனர். ஆயுதம் ஏந்துவதைத் தொழிலாகக் கொண்டவன் இரண்டாம் காட்சியில் ஓர் இழப்பைச் சந்திக்கிறான். அதன்பின் அவன் செய்யும் கொலைகளுக்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை. உள்ளூர் மக்களுக்கு இக்கதைகளில் உள்ள வேலை, இறந்து கொடுப்பது. அவர்களுடைய மரணமே அந்நியனுக்குப் பழியுரிமையை வழங்குகின்றது. பழி என்பது பாதிக்கப்பட்டவனுடைய உடைமை. அதையும் வந்தவன் எடுத்துக்கொண்டான்.

இப்படங்களுட் பெரும்பாலானவை பிலிப்பைன்ஸில் எடுக்கப்பட்டன. அங்கு பெரும் போர்ப்படம் எடுக்கும் வழக்கத்தை நிலைநாட்டியது 1976இல் தொடங்கிய கொப்பொலாவின் வியட்நாம் படப்பிடிப்பு. மார்க்கோஸ் அரசு வாடகைக்கு வழங்கிய இராணுவ ஹெலிகொப்டர்கள், தென்பகுதிக் கிளர்ச்சியாளரைத் தாக்குவதற்காக இடையிடையே படப்பிடிப்பிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டன. காலையில் திரைக்குப் பறந்த யந்திரம் மாலையில் உண்மைப் போருக்குப் பறந்தது.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படம் பார்ப்போர் நீண்ட காலம் நாடிய இடம், கோட்டைக்கு அண்மையிலிருந்த ரீகல் படமாளிகை. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன்வயமாக்கிய பின்னர் எப்படம் வரும் என்பது கொழும்பில் தீர்மானிக்கப்பட்டது. 1983க்குப் பின் ஊரடங்கும் தாக்குதல்களும் இரவுக் காட்சிகளை அழித்தன. கோட்டைச் சூழலே போர்க்களமாயிற்று. வெளிநாட்டு உழைப்பில் வந்த தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் படமாளிகையின் இடத்தைப் பிடித்தன. வாடகைக்கு எடுத்த டெக்கைச் சுற்றி அயலார் கூடினர். 1990இல் மின்சாரம் நின்றபின் ஜெனரேட்டரின் துணை வேண்டியதாயிற்று. உலகின் வேறெங்கோ உள்ளவர்க்கு இவ்வகைப் படம் வெறும் கற்பனை. வாசலுக்கு வெளியே ஹெலிகொப்டர் ஒலி கேட்கும் ஊரில் அது அவ்வளவு எளிதாகக் கற்பனை ஆகாது. அவ்வூருக்கோ தன் சொந்த வரலாற்றில் கூலியும் பழியும் இருந்தன.

1617இல் எதிர்மன்னசிங்கனின் மறைவையடுத்து, வாரிசு சிறுவனாயிருக்க, அரண்மனைப் படுகொலையொன்றின் மூலம் சங்கிலி குமாரன் ஆட்சியைக் கைப்பற்றினான். கொல்லப்பட்டவர்களுள் இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரியும் ஒருவர் என்பர். தமிழிலக்கிய மாணவர் ஏட்டிற் காணும் ஒரு பெயர் இவ்வாறு இரத்தத்தில் முடிந்ததை நல்லூர் இராசதானியின் புகழ் பாடுவோர் அதிகம் நினைவுகூர்வதில்லை. 1618இல் சங்கிலிக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்கத் தன் மக்களை நம்பாத சங்கிலி தஞ்சாவூர் நாயக்கரின் உதவியை வேண்டினான். வருணகுலத்தான் தலைமையில் கடல்கடந்து வந்த வடுகர் படை ஐயாயிரம் பேர் கொண்டது எனக் கூறப்படும். போர்த்துக்கேயரின் ஏடுகள் இவர்களைப் 'படகர்' எனக் குறிக்கும். மலையாளக் கடலோடிகளுக்கும் சங்கிலி நெடுந்தீவில் இடமளித்தான். 1619இல் பிலிப் தெ ஒலிவேறா நிலவழியாக வந்து வென்றபோது இத்துணைகள் அவனைக் காக்கவில்லை. பிடிபட்ட சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான்.

திரைப்படமாயின் கதை இங்கு முடியும். வரலாற்றில் இதன் பின்னரே நோக்கற்பாலதொரு திருப்பம் நிகழ்ந்தது. சங்கிலிக்கு எதிராகக் கிளர்ந்த கிறித்தவத் தலைவர்களுள் ஒருவரான மிகப்பிள்ளை ஆராச்சி, 1620இல் போர்த்துக்கேயருக்கு எதிராகவே எழுந்து, அதே தஞ்சாவூரிலிருந்து படை கொணர்ந்தார். இரண்டாண்டுக்கு முன் தம்மை ஒடுக்க வந்த வடுகர் வாளை இப்போது அவரே நாடினார். வாள் மாறவில்லை, அதை அழைத்தவர் மாறினர். அம்முயற்சியும் தோற்றது. 1621இல் ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்து, தலைநகரை யாழ்ப்பாணப் பட்டினத்திற்கு மாற்றினான். தஞ்சைப் படையினருள் எஞ்சியோர்க்குத் திரும்பிச் செல்லக் கடலுக்கு அப்பால் ஊர் இருந்தது. இடிந்த கோயிலின் அருகே இருக்க வேண்டியவர்கள் நல்லூர் மக்கள். கூலிப்படை வந்து போவது; பழியோ இருந்து வாழ்வோரிடம் தங்குவது. இத்தாலியப் படங்கள் தலைகீழாகக் காட்டும் உண்மை இதுவே.

ஒல்லாந்தர் காலத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 1658இல் கோட்டையைக் கைப்பற்றிய அவர்களது கம்பனியின் படையில் ஜேர்மானியர் முதலாகப் பல தேசத்தார் ஊதியத்துக்குச் சேவித்தனர். ஆயின் அவர்களாட்சியின் முடிவு சுவையானது. 1781இல் சுவிற்சலாந்தின் நியூஷத்தேல் பகுதியில் தெ மூறோன் பிரபு திரட்டிய படைப்பிரிவு ஒல்லாந்தக் கம்பனிக்கு வாடகைக்கு விடப்பட்டு இலங்கையில் நின்றது. 1795 மார்ச்சில் ஆங்கிலேயரின் சார்பில் ஹியூ கிளெகோர்ன் நியூஷத்தேலுக்கே சென்று பிரபுவுடன் புதிய ஒப்பந்தம் செய்து, அப்படைப்பிரிவை முழுமையாக விலைக்கு மாற்றினார். யாழ்ப்பாணக் கோட்டை 1795 செப்டெம்பர் 28இல் எதிர்ப்பின்றிப் பணிந்தது; சுவிஸ் வீரரை இழந்த கொழும்பு 1796 பெப்ரவரியில் வீழ்ந்தது. அவ்வீரர் 1799இல் ஸ்ரீரங்கபட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்து நின்றனர். இவ்வணிகத்தை முடித்த கிளெகோர்ன், சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். தமிழர் அரசியலில் இடையறாது எடுத்தாளப்படும் 1799ஆம் ஆண்டின் கிளெகோர்ன் குறிப்பும் அவருடையதே. அக்குறிப்பை மேற்கோள் காட்டுவோர் அவர் இலங்கைக்கு வந்த வழியையும் அறிந்திருத்தல் நன்று.

இனி, மார்கெரித்தியின் முதற் கூலிப்படைப் படம் வெளிவந்த அதே 1984இல், முன்னாள் எஸ்.ஏ.எஸ். அதிகாரிகள் நடத்திய கே.எம்.எஸ். என்ற பிரித்தானியக் கம்பனி இலங்கை அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. கீனி மீனி சேவைகள் என்பது அதன் விரிவு. பொலிஸ் விசேட அதிரடிப்படைக்கு அது பயிற்சியளித்தது. அதன் விமானிகள் ஹெலிகொப்டர்களைச் செலுத்தினர். திரையில் லூயிஸ் கொலின்ஸ் கூலிப்படைத் தலைவனாகத் தோன்றிய காலத்தில், அவர் நடித்துக்காட்டிய படையணியின் உண்மை வீரர் சிலர் இலங்கையிற் சம்பளம் பெற்றனர். இவர்களுக்கு இழந்த தங்கையும் இல்லை, எரிந்த கிராமமும் இல்லை. ஒப்பந்தக் காலமும் மாதச் சம்பளமும் இருந்தன. அவ்விமானிகளுள் ஒருவரான டிம் சிமித் 2002இல் வெளியிட்ட நினைவுநூலுக்குத் 'தயங்கிய கூலிப்படைவீரன்' எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். கூலிப்படைவீரன் என்ற சொல்லை அவர் மறைக்கவில்லை. தயக்கத்தை மட்டும் முன்னால் இணைத்துக்கொண்டார். அடைமொழியொன்று செய்யும் வேலையைத் திரையில் பழிவாங்கல் செய்தது.

சர்வதேசச் சட்டம் இவ்வகையில் திரையைவிடத் தெளிவானது. 1977ஆம் ஆண்டின் ஜெனீவா மேலதிக நெறிமுறையின் 47ஆம் உறுப்புரை, தனிப்பட்ட ஆதாயமே முதன்மை நோக்கமாக இருத்தலைக் கூலிப்படைவீரனின் இலக்கணங்களுள் ஒன்றாக வைத்தது. ஆனால் அதே உறுப்புரை வேறு பல நிபந்தனைகளையும் ஒருசேரக் கோருவதால், பயிற்றுநர், ஆலோசகர் என்ற பெயரில் வருவோர் எளிதாக அதன் பிடியிலிருந்து நழுவுவர். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற கூலிப்படைக்கு எதிரான சமவாயம் நடைமுறைக்கு வர 2001வரை காலம் சென்றது.

1978க்கும் 1980க்கும் இடைப்பட்ட காலத்து இலங்கை தொடர்பான ஏறத்தாழ இருநூறு கோப்புகளைப் பிரித்தானிய வெளிநாட்டமைச்சு அழித்துவிட்டமை 2018இல் வெளிவந்தது. எஞ்சிய ஆவணங்களைத் தேடித் தொகுத்த பத்திரிகையாளர் பில் மில்லர், கே.எம்.எஸ். பற்றிய தம் நூலை 2020இல் வெளியிட்டார். அதே ஆண்டில், அக்கம்பனியினர் இலங்கையில் புரிந்ததாகக் கூறப்படும் போர்க்குற்றங்கள் குறித்து இலண்டன் பெருநகரப் பொலிஸார் விசாரணை தொடங்கினர். ஹெலிகொப்டர்கள் பறந்த காலத்திலிருந்து அதற்குள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. மார்கெரித்தியின் படங்களோ துலக்கப்பட்ட புதிய பதிப்புகளாக விற்பனைக்கு வந்துவிட்டன.